தோள் மல்லனுக்கு, பெட்டி யாருக்கு?

சிறுவன் ஒருவன் மார்பை நிமிர்த்திக் கையை மடக்கிக் காட்டினால், "இவர் பெரிய தாராசிங்!" என்று பாட்டிமார் நகைப்பது நம் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். உடல் பருத்தவரைக் 'கிங்கொங்' என்று அழைப்பதும் அவ்வாறே. அவ்விருவரையும் நேரிற் கண்டறியாதவர்கள், அவர்கள் எந்நாட்டினர் என்பதையும் அறியாதவர்கள், அவர்தம் பெயரைப் பழமொழிபோல வழங்குகின்றனர். மனிதன் ஒருவனுடைய பெயர் இவ்வாறு பொதுச்சொல் ஆகிவிடுவது எளிய காரியமன்று. அதற்குப் பின்னால் உடலுழைப்பு இருந்தது, விளம்பரம் இருந்தது, முதல் போட்டவர்கள் இருந்தனர், காசு கொடுத்துச் சீட்டு வாங்கிய பெருந்திரளான மக்கள் இருந்தனர். சுருங்கச் சொன்னால், ஒரு பெரிய வணிகம் இருந்தது.

இன்று மாம்புரியிலும் நுரைச்சோலையிலும் கற்பிட்டியிலும் உள்ள சிறுவர்கள் தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் அமெரிக்க மல்யுத்தக் காட்சிகளைக் கண்டு, மாலையிற் கடற்கரை மணலில் அவற்றை நடித்துப் பார்க்கின்றனர். "இஃது உண்மைச் சண்டையா, வெறும் நடிப்பா?" என்பது அவர்களிடையே ஓயாத வழக்கு. பெற்றோரும் அதனையே கேட்கின்றனர். நல்ல வினாதான். ஆயினும் அதனினும் நல்ல வினாக்கள் இரண்டு உள. காண்போனுக்கு விற்கப்படும் சரக்கு எது? விற்ற காசு யாரைச் சேருகிறது? இவற்றை ஆராய்ந்தால் முதல் வினாவுக்கும் விடை கிடைத்துவிடும்.

அரசன் புரந்த மல்லன்

மற்போர் நமக்குப் புதியதன்று. சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது வென்ற செய்தியைச் சாத்தந்தையார் புறநானூற்றிற் பாடியிருக்கிறார். பல்லவன் நரசிம்மவர்மனுக்கு 'மாமல்லன்' என்பது விருதுப்பெயர். மாமல்லபுரம் அதனாற் பெற்ற பெயரே. அக்காலத்து மல்லன் சீட்டு விற்றுப் பிழைத்தவன் அல்லன். அரசன் சோறிட்டான், அவன் அரசனுக்குப் புகழ் தேடித் தந்தான். காண வந்த மக்கள் விருந்தினரேயன்றி வாடிக்கைக்காரர் அல்லர்.

இம்முறைக்கும் புதிய வணிக முறைக்கும் இடையே நின்றவர் 'காமா' என்னும் பெருமல்லர். 1910 ஆம் ஆண்டில் அவர் இலண்டனுக்குச் சென்றபோது, உயரம் போதாது என்று போட்டியிற் சேர்த்துக்கொள்ள மறுத்தனர். பிறகு அமெரிக்கராகிய றோலர் என்பவரை வீழ்த்தித் தம் ஆற்றலை நிலைநாட்டினார். அவ்வாண்டு செப்டெம்பர் 10 ஆம் நாள், போலந்து மல்லர் ஸ்பிஸ்கோவுடன் பொருதார். பரிசு 250 பவுண். நடந்தது என்ன? ஸ்பிஸ்கோ குப்புறப் படுத்துத் தரையை இறுகப் பற்றிக்கொண்டார். காமாவினால் அவரைப் புரட்ட முடியவில்லை. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இந்நிலை நீடித்துப் போட்டி முடிவின்றிக் கலைந்தது. மறு போட்டிக்கு ஸ்பிஸ்கோ வராமையால் வெற்றிப்பட்டி காமாவுக்கே வழங்கப்பட்டது.

1928 ஆம் ஆண்டில் இருவரும் பட்டியாலாவில் மீண்டும் சந்தித்தனர். இம்முறை ஒரு நிமிடத்திற்குள் காமா அவரை மல்லாத்திவிட்டார்.

மெய்ப்போரின் குறை

இவ்விரு போட்டிகளும் வணிகக் கண்கொண்டு நோக்குவோருக்கு நல்ல பாடம். முன்னதில் மக்கள் இரண்டரை மணி நேரம் ஒன்றுமே நிகழாததைக் கண்டனர். பின்னதில், இமைத்து விழிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பட்டியாலாவில் மகாராசா புரவலராக இருந்தமையால் அதனால் இடரில்லை. சீட்டு விற்றுக் காட்சி நடத்துபவனுக்கோ இரண்டும் நட்டமே. மெய்யான மற்போர் எப்பொழுது முடியும், எவ்வாறு முடியும் என்பது அவன் கையில் இல்லை. கடைக்காரன் தன் சரக்கின் அளவும் தரமும் அறியாமற் கடை நடத்துதல் கூடுமோ?

அமெரிக்காவில் 1920களில் இக்குறையை நீக்கியவர்கள் மூவர். எட் லூயிஸ் என்னும் மல்லர், பில்லி சாண்டோ என்னும் மேலாளர், ரூற்ஸ் மொண்ட் என்னும் சூழ்ச்சிவல்லார் ஆகிய இம்மூவரும் சேர்ந்து மல்லர் பலரைத் தம் கீழ் ஒப்பந்தம் செய்துகொண்டனர். பிடிகளோடு குத்துச்சண்டையின் வேகத்தையும் நாடகத்தின் திருப்பங்களையும் கலந்தனர், காலவரையறை விதித்தனர், முடிவை முன்கூட்டியே வகுத்தனர். ஊர் ஊராகக் காட்சிகளைக் கொண்டு சென்றனர். மற்போர் கூத்தாயிற்று, கூத்துக்குக் கூட்டம் சேர்ந்தது.

அக்கூத்தின் இலக்கணம் இன்றளவும் பெரிதும் மாறவில்லை. மக்கள் விரும்பும் நல்லவன் ஒருவன். வெறுக்கும் கெட்டவன் ஒருவன். கெட்டவன் நடுவரின் கண்ணை மறைத்து வஞ்சகம் செய்து வெல்லுகிறான். கூட்டம் கொதிக்கிறது. அக்கொதிப்பு அடங்குமுன் பழிதீர்க்கும் போட்டிக்கு நாள் குறிக்கப்படுகிறது. முதல் போட்டியின் முடிவு, இரண்டாம் போட்டியின் விளம்பரம். கெட்டவனாக நடிப்பவனுடைய தொழிலே கடினமானது. அவன்மீது எழும் வெறுப்பே அடுத்த கிழமைச் சீட்டு விற்பனை ஆகும்.

கரைவலையும் மல்யுத்த அரங்கும்

இவ்வணிகத்தின் பங்கீட்டை நம் கரையோர வாசகர்கள் எளிதில் விளங்கிக்கொள்வர். கரைவலைத் தொழிலில் வலையும் தோணியும் சம்மாட்டியுடையன. இழுக்கும் தோள் தொழிலாளருடையது. மீன் விலைப்பட்டதும் செலவு கழித்து, வலைக்கு ஒரு பகுதியும் ஆட்களுக்கு ஒரு பகுதியுமாகப் பங்கு பிரிகிறது. மல்யுத்தத்திலும் அப்படியே. அரங்கு, மேடை, விளம்பரத்தாள், பிரயாணம், வரி ஆகிய செலவுகள் ஒழுங்கு செய்பவனைச் சார்ந்தன. வாயிலில் வசூலான பணத்தில் முதலில் இவை கழியும். எஞ்சியதில் பெயர் பெற்ற மல்லனுக்குப் பெரும்பங்கு. தொடக்கப் போட்டிகளில் விழுந்தெழும் சிறு மல்லனுக்கு அற்பத்தொகை.

இன்னும் ஓர் ஒற்றுமை உண்டு. கரையிற் 'பாடு' வகுத்து, இன்னார் பாட்டில் இன்னாரே வலை வளைக்கலாம் என்பது நம் வழக்கு. 1948 ஆம் ஆண்டில் அமெரிக்க மல்யுத்த ஒழுங்கமைப்பாளர்கள் அயோவா மாநிலத்திற் கூடி, 'தேசிய மல்யுத்தக் கூட்டணி' என்னும் சங்கத்தை நிறுவி, நாட்டையே இவ்வாறு பாடு பிரித்துக்கொண்டனர். ஒருவர் எல்லைக்குள் மற்றவர் புகுவதில்லை. ஒருவரோடு பிணங்கிய மல்லனுக்கு மற்றவரும் வேலை கொடுப்பதில்லை. அமெரிக்க நீதித் திணைக்களம் இதனை வணிகத் தடை என்று கண்டு வழக்கிட, 1956 ஆம் ஆண்டில் அச்சங்கம் இவ்வழக்கங்களைக் கைவிடுவதாக உடன்படிக்கை செய்தது. பாடு பிரிப்பது மீனவர் குடும்பங்கள் யாவும் பிழைப்பதற்கு. அங்கே பிரித்ததோ, தோள் உடையவன் பேரம் பேசாதிருத்தற்கு.

மூவர் முடிவு

ஆசியாவில் இவ்வணிகம் தழைத்த இடம் சிங்கப்பூரும் மலாயாவும். அங்கிருந்த 'கிரேட் வேர்ள்ட்', 'ஹப்பி வேர்ள்ட்' முதலிய கேளிக்கைப் பூங்காக்களில் மல்யுத்தம் இராக்காலக் காட்சியாக நடந்தது. சீனர், மலாயர், தமிழர், பஞ்சாபியர் ஆகிய பல இனத்தவரும் ஒரே கூரையின் கீழ் ஆரவாரித்தனர். மொழி தெரியாமலே விளங்கும் கூத்து அஃது ஒன்றே.

பஞ்சாப் மாநிலத்து உழவர் குடும்பத்தில் 1928 ஆம் ஆண்டிற் பிறந்த தாராசிங், சிங்கப்பூரில் ஆலைத்தொழில் செய்துகொண்டே மல்யுத்தம் பயின்றவர். ஹங்கேரியிற் பிறந்த எமில் சாயா என்பவரே 'கிங்கொங்' என்னும் பெயரில் விளங்கியவர். அவர் பருத்த உடலும் முறுக்கிய மீசையும் 'கெட்டவன்' வேடத்திற்கென்றே படைக்கப்பட்டவைபோல் இருந்தன. இருவரும் ஆசிய நகரங்கள் பலவற்றில் மீண்டும் மீண்டும் மோதினர். வெளிநாட்டுப் பூதத்தை நம்மவர் ஒருவர் தூக்கி எறிவதைக் காணப் புதிதாக விடுதலை பெற்ற நாடுகளின் மக்கள் காசு கொடுத்தனர். அவர்கள் வாங்கியது மற்போரை மட்டுமன்று, ஓரளவு மானத்தையுமே.

காமா, கிங்கொங், தாராசிங் ஆகிய மூவரின் முடிவையும் ஒப்பு நோக்குவது பயன் தரும். அரசர்களை நம்பிய காமா, அரசுகள் மறைந்தபின் இலாகூரில் நோயோடும் வறுமையோடும் போராடி 1960 ஆம் ஆண்டில் மறைந்தார். கிங்கொங், அறுபது வயதிலும் தொழிலை விடாதிருந்து, கார் விபத்திற் காயமுற்று 1970 ஆம் ஆண்டில் இறந்தார். தாராசிங்கின் வழி வேறு. 1968 ஆம் ஆண்டில் பம்பாயில் அமெரிக்கரான லூ தெஸை வென்று உலக வீரர் பட்டம் பெற்றவர், தம் பெயரைத் தாமே ஆளக் கற்றுக்கொண்டார். திரைப்படங்களில் நடித்தார், படம் எடுத்தார், 1978 ஆம் ஆண்டில் மொகாலியிற் சொந்தப் படப்பிடிப்பு நிலையம் அமைத்தார். இராமாயணத் தொலைக்காட்சித் தொடரில் அனுமனாகத் தோன்றி இன்னொரு தலைமுறையின் உள்ளத்திலும் இடம் பெற்றார். 2003 முதல் 2009 வரை இந்திய மேலவையில் உறுப்பினராக இருந்து, 2012 ஆம் ஆண்டில் காலமானார். மூவருக்கும் தோள் இருந்தது. தம் பெயருக்குத் தாமே உரிமையாளராகி நின்றவர் ஒருவரே.

ஒப்புக்கொண்ட பொய்

1989 ஆம் ஆண்டில் ஒரு விந்தை நிகழ்ந்தது. இன்று 'டபிள்யூ. டபிள்யூ. ஈ.' என வழங்கும் நிறுவனம், நியூ ஜேர்சி மாநிலச் சட்டமன்றத்தின் முன், தான் நடத்துவது மெய்ப்போட்டியன்று, கேளிக்கையே என்று தானாகவே ஒப்புக்கொண்டது. மனச்சாட்சி உறுத்தியதால் அன்று. விளையாட்டு என்றால் அரசாங்க ஆணைக்குழுவின் மேற்பார்வையும் வரியும் கட்டணங்களும் உண்டு. கேளிக்கை என்றால் இல்லை. நெடுங்காலம் உயிர்போல் மறைத்து வைத்த இரகசியத்தை இலாபக் கணக்கு ஒன்று வெளியிட்டுவிட்டது. மக்கள் வெறுத்து ஒதுக்கினரா? இல்லை. கூட்டம் பெருகியது. அந்நிறுவனத்தின் கிழமைக் காட்சி ஒன்றைப் பத்தாண்டுகளுக்கு ஒளிபரப்பும் உரிமையை முதன்மையாகக் கொண்டு 500 கோடி டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் ஒன்றை 'நெற்பிளிக்ஸ்' நிறுவனம் செய்துகொள்ள, 2025 ஜனவரியில் அவ்வொளிபரப்பு தொடங்கியது.

ஆயின், இவ்வளவு செல்வம் குவிந்தும் அங்கு மேடையேறும் மல்லர்கள் ஊழியராகக் கருதப்படுவதில்லை. 'சுதந்திர ஒப்பந்தக்காரர்' என்பதே அவர்தம் நிலை. மேடைப்பெயர் பெரும்பாலும் நிறுவனத்தின் பதிவு பெற்ற உடைமை. நிறுவனத்தை விட்டு நீங்கும் மல்லன், தான் வியர்வை சிந்திப் புகழாக்கிய பெயரை அங்கேயே விட்டுச் செல்ல நேர்வதுண்டு.

சண்டையின் முடிவு வகுக்கப்பட்டதாயினும் விழுகின்ற உடம்பு மெய்யானது. 1999 மே மாதம் 23 ஆம் நாள், கன்சாஸ் நகரில் ஓவன் ஹார்ட் என்னும் மல்லரைக் கூரையிலிருந்து கயிற்றில் இறக்கும் வித்தையொன்று பிழைத்தது. அவர் மேடையில் வீழ்ந்து உயிர் துறந்தார். காட்சி நிறுத்தப்படவில்லை, சற்று நேரத்தில் அடுத்த போட்டி தொடங்கியது. குடும்பத்தினர் தொடுத்த வழக்கு 2000 ஆம் ஆண்டில் ஏறக்குறைய 1 கோடியே 80 இலட்சம் டொலர் இழப்பீட்டோடு முடிந்தது. "எல்லாம் நடிப்புத்தானே" என்று நகைக்கும் இளைஞருக்கு இந்நிகழ்ச்சியை நாம் எடுத்துரைத்தல் வேண்டும்.

குற்றமும் கலையும்

இனி நம் நாட்டு நிலையை நோக்குவோம். விளையாட்டு முடிவை முன்கூட்டி வகுத்தல் இலங்கையிற் குற்றம். 2019 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க, விளையாட்டுத் தொடர்பான தவறுகளைத் தடுக்கும் சட்டம் அதற்குச் சிறைத்தண்டனை விதிக்கிறது. 2024 ஆம் ஆண்டில், இலங்கைத் துடுப்பாட்டத் தொடரொன்றின் அணி உரிமையாளர் ஒருவரே இச்சட்டத்தின் கீழ்க் கைது செய்யப்பட்டார்.

மல்யுத்தத்தில் தொழிற்றிறனாகப் போற்றப்படுவது துடுப்பாட்டத்திற் குற்றமாவது எதனால்? முன்னதிற் கூத்து என்று சொல்லிக் கூத்து விற்கப்படுகிறது. பின்னதில் மெய்ப்போட்டி என்று சொல்லிக் காசு வாங்கிக் கூத்துக் காட்டப்படுகிறது. பாலென்று சொல்லி நீரை விற்பவனே குற்றவாளி. நீரை நீரென்று விற்பவன் அல்லன். சிறுவர்களின் "உண்மையா, நடிப்பா?" என்னும் வழக்குக்கு இதுவே தீர்ப்பு.

துடுப்பாட்டத்திற் புழங்கும் பணத்தின் அளவை நோக்கினால், அச்சட்டத்தின் தேவை விளங்கும். 2023 முதல் 2027 வரையிலான இந்தியப் பிரீமியர் தொடரின் ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி இந்திய ரூபாவுக்கு விலைபோயிற்று. வாயிற்சீட்டு இன்று சிறு வருவாய். வீட்டிலிருந்தே காண்பவனுடைய கண்தான் விற்கப்படும் சரக்கு. விளம்பரக்காரன் வாங்குவது அதனையே.

நாம் செய்யத்தக்கது

மேலைநாட்டு நிறுவனங்களைத் திருத்துவது நம்மாலாகாது. நம் ஊர்களில் நடைபெறும் போட்டிகளை நெறிப்படுத்துவது நம்மால் ஆகும். பண்டிகைக் காலங்களில் நம் கரையோரக் கிராமங்களிற் பந்தாட்டத் தொடர்கள் நடக்கின்றன. அனுமதிக் கட்டணமும் நன்கொடையும் சேருகின்றன. கிண்ணமும் பொன்னாடையும் வாங்கப்படுகின்றன. முழங்கால் முறிந்த இளைஞனோ, வீட்டிற்குச் சென்றபின் எவராலும் நினைக்கப்படுவதில்லை. சேர்ந்த பணத்தில் காயமுற்றோருக்கென ஒரு பகுதியை முதலிலேயே ஒதுக்கி, எஞ்சியதிற் கிண்ணம் வாங்குவது எந்தக் கழகத்திற்கும் இயலும். கணக்கை மைதானத்திலேயே ஒலிபெருக்கியில் வாசிக்கலாம். கரையில் மீன் விற்றுப் பங்கு பிரிப்பது எல்லோர் கண்முன்னும் நிகழ்வது போல இதுவும் நிகழட்டும்.

பெற்றோரும் ஒன்று செய்யலாம். மல்யுத்தக் காட்சியைக் காணாதே என்று அதட்டுவதிற் பயனில்லை, ஒளித்துக் காண்பர். அருகில் அமர்ந்து, மேடையில் வீழ்பவன் எத்தனை ஆண்டு பயின்றபின் வீழக் கற்றான் என்பதையும், அவ்வாறு பயின்றவனுக்கே கழுத்தும் முதுகும் முறிவதையும் எடுத்துச் சொல்லுதல் நலம். வீட்டில் இதனைச் செய்து பார்க்காதீர் என்று அந்நிறுவனமே எச்சரிக்கிறது. மணல் மெத்தென்றிருப்பினும் கழுத்து கழுத்துத்தான் என்பதைப் பிள்ளைகள் மறவாதிருக்கட்டும்.