மூழ்கிய கப்பலைக் காணச் செல்வோரும் அழுத்தக்குறைவு நோயும்

எகிப்தை ஒட்டிய செங்கடலில் ‘திஸில்கோர்ம்’ என்னும் பிரித்தானியச் சரக்குக் கப்பல் கிடக்கிறது. 1941 அக்டோபர் 6 அன்று ஜெர்மானிய விமானக் குண்டுவீச்சில் மூழ்கிய இக்கப்பலின் அறைகளில் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் இன்றும் காணப்படுகின்றன. ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்திலுள்ள இதனைக் காணப் பல நாட்டவரும் ஸ்கூபா கருவியுடன் மூழ்குகின்றனர். இத்தகைய ஆழத்திலிருந்து திரும்புவோருக்கு அழுத்தக்குறைவு நோய் ஏற்படக்கூடும்.

நோய் எவ்வாறு ஏற்படுகிறது?
ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் அது தரைமட்டத்தைப் போல் நான்கு மடங்காகும். அப்போது சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் மிகுதியாகக் கரைகிறது. விரைவாக மேலெழுந்தால், கரைந்த வாயு குமிழிகளாக வெளிப்பட்டு நரம்புகளையும் மூட்டுகளையும் பாதிக்கிறது.

அறிகுறிகள் யாவை?
• தோள், முழங்கை, முழங்கால் மூட்டுகளில் வலி
• தோலில் அரிப்பு, திட்டுத் திட்டான நிறமாற்றம்
• வழக்கத்திற்கு மாறான சோர்வு, தலைசுற்றல்
• கை கால்களில் மரத்துப்போதல், தளர்ச்சி
• சிறுநீர் கழிக்க இயலாமை, மூச்சுத்திணறல்

பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திற்குள் இவை தோன்றும். சிலருக்கு ஒரு நாள் கழித்தும் தோன்றலாம். நீந்திய களைப்பு எனக் கருதிக் காத்திருத்தல் கூடாது. தாமதம் நிலையான நரம்புப் பாதிப்பிற்கு வழிவகுக்கலாம்.

உடனிருப்போர் செய்ய வேண்டியவை
நோயாளியைச் சமதளத்தில் படுக்க வைக்கவும். கிடைக்குமாயின் முகமூடி வழியே தூய ஆக்சிஜன் அளிக்கவும். தெளிந்த நினைவுடன் இருப்பின் நீர் பருகக் கொடுக்கலாம். வலியைப் போக்க மீண்டும் நீரில் இறக்குதல் ஆபத்தானது. தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்தியை அழைக்கவும். மூழ்கிய ஆழம், நேரம், மேலெழுந்த விதம் ஆகியவற்றை மருத்துவரிடம் தெரிவிக்கவும். கையில் அணியும் நீர்மூழ்குக் கணினியையும் உடன் எடுத்துச் செல்லவும்.

சிகிச்சை என்ன?
நோயாளியை உயர் அழுத்த அறையில் வைத்து ஆக்சிஜன் அளித்து, அழுத்தம் படிப்படியாகக் குறைக்கப்படும். இதனால் குமிழிகள் சுருங்கி, நைட்ரஜன் நுரையீரல் வழியே வெளியேறுகிறது. ஆக்சிஜன் அளித்தபின் வலி தணிந்தாலும் மருத்துவரைக் காண்பது அவசியம்.

தடுக்கும் முறைகள்
• நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மிகாமல் மெல்ல மேலெழவும். 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்கவும்.
• மூச்சை அடக்கியபடி ஒருபோதும் மேலெழ வேண்டாம், நுரையீரல் கிழியக்கூடும்.
• ஒரு முறை மூழ்கியபின் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை மூழ்கியிருப்பின் 18 மணி நேரமும் விமானப் பயணத்தைத் தவிர்க்கவும்.
• துருப்பிடித்த தகடுகள் உடலைக் கிழிக்கலாம். டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருப்பதை உறுதிசெய்யவும்.
• ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய் உள்ளோர் முன்னதாக மருத்துவ ஆலோசனை பெறவும். கர்ப்பிணிகள் மூழ்குதலைத் தவிர்க்கவும்.