கூலி வேறு, அன்பளிப்பு வேறு

திருத்தணி மலையடிவாரத்தில் அறை எடுத்துத் தங்கும் பக்தர் ஒருவர், ஊர் திரும்பும்போது யார் யாருக்குப் பணம் கொடுக்கிறார்? பெட்டியைத் தூக்கி வந்தவருக்குக் கொடுக்கிறார். தேநீர் வாங்கி வந்த 'ரூம் பாய்'க்குக் கொடுக்கிறார். வாசலில் வணக்கம் சொன்ன காவலாளிக்கும் சில சமயம் கொடுக்கிறார். அவர் படுத்த படுக்கைக்கு விரிப்பு மாற்றியவரும், அவர் பயன்படுத்திய கழிப்பறையைக் கழுவியவரும் அப்போது அவர் கண்ணில் படுவதில்லை. அவர்களுடைய வேலை, விருந்தினர் சாவியைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் தொடங்குகிறது.

விடுதிகளில் தங்குவோர் அறைத் துப்புரவுப் பணியாளர்களுக்கு 'டிப்ஸ்' கொடுக்க வேண்டுமா என்ற கேள்விக்கு வழக்கமாக இரண்டு பதில்கள் சொல்லப்படுகின்றன. சம்பளம் கொடுப்பது முதலாளியின் கடமை, வாடகை கட்டியதோடு நம் பொறுப்பு முடிந்தது என்பது ஒன்று. குறைந்த சம்பளத்தில் வேலை செய்பவர்களுக்கு நம்மால் முடிந்ததைக் கொடுப்பதே மனிதத்தன்மை என்பது மற்றொன்று. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், இரண்டுமே கூலியையும் அன்பளிப்பையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால், கொடுக்க வேண்டும் என்பதே சரியான பதிலாகத் தோன்றுகிறது. கொடுப்பது உரியவர் கையில் சேர வேண்டும், அது அவருடைய கூலியைக் குறைக்கக் காரணமாகக் கூடாது என்ற இரு நிபந்தனைகளோடு.

பள்ளிப்பட்டில் வசிப்பதால், வெளியூர் உறவினர்கள் சுவாமி தரிசனத்துக்கு வரும்போதெல்லாம் திருத்தணியில் அறை ஏற்பாடு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்து சேரும். சுற்றுலாத் தலத்து விடுதியின் வேலை வேறு, கோயில் ஊர் விடுதியின் வேலை வேறு என்பதை அந்தப் பழக்கத்தில் கண்டிருக்கிறேன். இங்கே பலர் அறை எடுப்பது சில மணி நேரத்துக்குத்தான். நெடுந்தூரம் பயணம் செய்து வந்து குளிப்பார்கள்; குழந்தைக்கு முடி இறக்கிய பின் மீண்டும் குளிப்பார்கள்; காவடியை இறக்கி வைத்துச் சற்று இளைப்பாறிவிட்டுக் கிளம்புவார்கள். அறையில் எஞ்சுவது ஈரத் துணி, சந்தனம், திருநீறு, உதிர்ந்த பூ, தண்ணீர் போகும் வழியை அடைத்த முடி ஆகியவை. அடுத்த குடும்பம் வரவேற்பறையில் காத்திருக்கும். ஆடிக் கிருத்திகையிலும், 365 படிகளுக்கும் பூஜை நடக்கும் டிசம்பர் 31 படித் திருவிழாவிலும் ஓர் அறை ஒரே நாளில் பலமுறை கைமாறும். ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாக்கித் தருபவர் பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவராக இருப்பார்.

இந்த வேலைக்கான கூலி யாருடைய கடன் என்பதில் சட்டத்துக்குக் குழப்பம் இல்லை. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் கீழ், தமிழ்நாட்டில் உணவகங்களும் விடுதிகளும் ஊதியம் நிர்ணயிக்கப்பட வேண்டிய தொழில்களாகவே வைக்கப்பட்டன. விருந்தினர் தரும் பணத்தை அந்த ஊதியத்தில் சேர்த்துக் கணக்குக் காட்ட முடியுமா என்ற கேள்வியும் நீதிமன்றம் வரை சென்றது. ஜெய்ப்பூரின் ராம்பாக் பேலஸ் ஹோட்டல் தொடர்பான வழக்கில், வாடிக்கையாளர் தரும் அன்பளிப்பை ஊதியத்தின் பகுதியாகக் கருத முடியாது என்பதை உச்சநீதிமன்றம் 1976-இல் ஏற்றது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2016-இல், ஐ.டி.சி. நிறுவனத்தின் வருமான வரி வழக்கில் அதே உச்சநீதிமன்றம் இன்னொரு கோணத்திலிருந்து இதே இடத்துக்கு வந்தது. விருந்தினர் கடன் அட்டை மூலம் தரும் 'டிப்ஸ்' தொகையை விடுதி நிர்வாகம் வாங்கித் தன் பணியாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்தாலும், அது நிர்வாகம் கொடுத்த சம்பளம் ஆகாது. எனவே சம்பளத்துக்குரிய வரியை அதில் பிடித்தம் செய்ய வேண்டியதில்லை என்று தீர்ப்பானது. விருந்தினருக்கும் பணியாளருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலில் முதலாளி வெறும் இடைக்கை மட்டுமே என்பது இதன் பொருள்.

உலகத் தொழிலாளர் அமைப்பு, உணவகம் மற்றும் விடுதிப் பணியாளர்களுக்கென 1991-இல் 172-ஆவது உடன்படிக்கையை உருவாக்கியது. கட்ட வேண்டிய தொகைக்கு மேலாக வாடிக்கையாளர் தாமே விரும்பித் தருவதுதான் அன்பளிப்பு என்று வரையறுக்கும் அந்த உடன்படிக்கை, அது எவ்வளவு வந்தாலும் வராவிட்டாலும் பணியாளருக்கு அடிப்படை ஊதியம் முறையாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. இந்தியா இதில் இன்னும் இணையவில்லை.

நாம் கட்டும் கட்டணத்திலேயே பணியாளருக்கும் ஒரு பங்கு போய்விடுகிறதே என்று சிலர் நினைக்கலாம். ரசீதில் உள்ள சரக்கு மற்றும் சேவை வரியில் 'சேவை' என்ற சொல் இருப்பதால் எழும் மயக்கம் இது. அந்த வரி அரசுக்குப் போவது. சில பெரிய விடுதிகளும் உணவகங்களும் தனியே சேர்க்கும் 'சேவைக் கட்டணம்' வேறு. அதைத் தானாக ரசீதில் சேர்க்கக் கூடாது, கட்டச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. உணவக உரிமையாளர் சங்கங்கள் அதை எதிர்த்துத் தொடுத்த வழக்குகளை தில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் தள்ளுபடி செய்தது. சேவைக்கு மனமுவந்து தருவதுதான் அன்பளிப்பு. கட்டாயமாக வாங்கினால் அது விலையில் மறைத்து ஏற்றிய இன்னொரு தொகை என்ற வேறுபாடு இங்கேயும் உறுதிப்பட்டிருக்கிறது.

அன்பளிப்பை எதிர்ப்பவர்களின் வாதத்தை நான் லேசாக எண்ணவில்லை. பரிசு பழக்கமானால் அது கூலியை விழுங்கிவிடும் என்பது அவர்களது அச்சம். அதற்கு அமெரிக்காவே சான்று. அங்கே கூட்டாட்சிச் சட்டப்படி குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர். ஆனால், வழக்கமாக 'டிப்ஸ்' பெறும் பணியாளருக்கு முதலாளி நேரடியாக 2.13 டாலர் கொடுத்தால் போதும். மீதியை விருந்தினர் தரும் பணம் நிரப்பும் என்று கணக்கு வைக்கப்படுகிறது. நிரம்பாதபோதுதான் முதலாளி ஈடுகட்ட வேண்டும். பல மாநிலங்கள் இதைத் தம் சட்டங்களால் உயர்த்திவிட்டாலும், கூட்டாட்சிச் சட்டத்தின் அந்த 2.13 டாலர் 1991-லிருந்து அசையவில்லை. 2014-இல் மாரியட் நிறுவனம், துப்புரவுப் பணியாளருக்கு அன்பளிப்பு வைப்பதற்கென அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள தன் விடுதி அறைகளில் உறைகளை வைக்கத் தொடங்கியபோது, பாராட்டைக் காட்டிலும் கண்டனம் உரத்து ஒலித்தது. உறை வைப்பதற்குப் பதில் சம்பளத்தை உயர்த்தலாமே என்று பலர் கேட்டனர். நியாயமான கேள்விதான்.

இந்தப் பாடத்துக்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை; நம் கோயில்களின் முடி காணிக்கை மண்டபங்களே போதும். அறநிலையத் துறைக் கோயில்களில் முடி காணிக்கைக்குக் கட்டணம் இல்லை என்று தமிழக அரசு 2021 செப்டம்பரில் அறிவித்தது. அதுவரை கட்டணச் சீட்டில் கிடைத்த பங்கை நம்பியிருந்த தொழிலாளர்களுக்கு மாதம் ரூ.5,000 ஊக்கத்தொகை என்றும் முடிவானது. பக்தர்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால், அந்தத் தொகையில் ஒரு குடும்பம் மாதம் முழுவதும் வாழ முடியாது என்பதற்குப் பெரிய கணக்கு தேவையில்லை. அதன் பிறகும் சில கோயில்களில் பக்தர்களிடம் பணம் கேட்கப்படுவதாகப் புகார்கள் வந்ததில் வியப்பில்லை. கூலி போதாத இடத்தில் அன்பளிப்பு கோரிக்கையாக மாறுகிறது. கோரிக்கை வற்புறுத்தலாகும்போது கொடுப்பவர், வாங்குபவர் இருவருமே மரியாதையை இழக்கிறார்கள். தவறு கை நீட்டியவரிடம் தொடங்கவில்லை. கூலியை நிர்ணயித்த இடத்தில் தொடங்கியது.

அப்படியானால் கொடுக்காமலே இருந்துவிடலாமா? கூடாது என்பதற்கு என் காரணம் எளியது. நாம் கொடுக்காததால் எந்த விடுதி உரிமையாளரும் சம்பளத்தை உயர்த்தப் போவதில்லை. கொள்கையின் பெயரால் கையை மூடிக்கொள்வதன் சுமை, ஏற்கெனவே சுமப்பவர் தலையில்தான் இறங்கும். கோயில் ஊர்களின் விடுதிகளில் பல, விரல்விட்டு எண்ணக்கூடிய பணியாளர்களைக் கொண்டவை. வருங்கால வைப்பு நிதிச் சட்டம் பொதுவாக இருபது பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான் கட்டாயமாகிறது. சிறு விடுதிப் பணியாளர் அந்த வளையத்துக்கு வெளியே நிற்கிறார். விழாக் காலத்துக்கு மட்டும் நாள் கூலிக்கு அழைக்கப்படுபவரின் நிலை இன்னும் மோசம். சட்டம் அவரைச் சென்றடையும் வரை அவருக்குக் கிடைக்கும் ஐம்பது ரூபாய் அற்பமானதல்ல.

வேறொரு காரணமும் உண்டு. பிறர் கழிவைக் கழுவும் வேலை எந்தச் சமூகத்தவரின் தலையில் காலங்காலமாகச் சுமத்தப்பட்டது என்பதை நாம் அறிவோம். அந்த வேலையைச் செய்பவரைப் பார்க்காமலே கடந்து போவது அந்தப் பழக்கத்தின் மிச்சம். தேநீர் கொண்டு வந்தவருக்கு அன்பளிப்பும், கழிப்பறை கழுவியவருக்கு ஒன்றுமில்லை என்பதும் திட்டமிட்ட அநீதி அல்ல என்பது உண்மையே. ஆனால், திட்டமிடாமலே நடக்கும் அநீதியைத் திருத்த ஒருவர் சற்று மெனக்கெட வேண்டியிருக்கிறது.

மெனக்கெடுவது என்றால் என்ன? முதலில், பணத்தை மேசைமேல் வெறுமனே விட்டுச் செல்வது போதாது. விருந்தினர் மறந்துவிட்ட பொருளை வரவேற்பறையில் ஒப்படைக்க வேண்டும் என்பது விடுதிகளின் பொது விதி. குறிப்பு எதுவும் இல்லாத ரூபாய் நோட்டை எடுத்தால் திருட்டுப் பழி வரும் என்று ஒரு பணியாளர் அஞ்சுவது இயல்பு. 'அறையைச் சுத்தம் செய்தவருக்கு' என்று ஒரு தாளில் எழுதி அதனுடன் வைக்கலாம். எல்லையோர ஊர்களில் தெலுங்கு மட்டும் அறிந்தவரும், எழுத்தே அறியாதவரும் இருக்கக்கூடும் என்பதால், அவரை அழைத்துக் கையில் கொடுப்பது அதைவிட நல்லது. ஒரு நாளுக்கு மேல் தங்குவோர் கடைசி நாளில் மொத்தமாகக் கொடுப்பதைக் காட்டிலும் அன்றன்று கொடுக்கலாம்; நேற்றுத் துடைத்தவர் இன்று விடுமுறையில் இருக்கலாம் அல்லவா?

அடுத்தது, கைப்பேசிப் பணப் பரிமாற்றம். சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளும் பழக்கமே குறைந்துவிட்டது. வரவேற்பறையில் ஒட்டியிருக்கும் குறியீட்டை 'ஸ்கேன்' செய்து அனுப்பும் பணம் உரிமையாளரின் கணக்குக்குப் போகிறது. அங்கிருந்து அது மாடிப்படி ஏறி, துடைப்பம் பிடித்த கையை எட்டுமா என்பதை விருந்தினரால் அறிய முடியாது. பிரிட்டனில் இதற்கெனவே ஒரு சட்டம் இயற்றப்பட்டு 2024 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. வாடிக்கையாளர் தரும் அன்பளிப்பை முதலாளி ஒரு காசும் பிடித்துக்கொள்ளாமல் பணியாளர்களிடையே நியாயமாகப் பங்கிட வேண்டும் என்கிறது அது. இங்கும் அத்தகைய விதி வேண்டும். அது வரும்வரை, அன்பளிப்புக்கென்று இரண்டு நோட்டுகளைப் பையில் வைத்திருப்பதே வழி.

எவ்வளவு கொடுப்பது? ஆயிரம் ரூபாய் வாடகை கொடுக்க முடிந்தவருக்கு நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய் பாரமாக இருக்காது என்பது என் கருத்து. மஞ்சள் பையில் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு, நாலு குடும்பம் சேர்ந்து ஓர் அறை எடுக்கும் ஏழை பக்தரிடம் இதை எதிர்பார்க்கக் கூடாது. விரும்பித் தருவது என்றால், தராமலிருக்கும் உரிமையும் அதில் அடங்கும். ஆனால், முடியைத் தண்ணீர்த் தாரையில் விடாமல் தாளில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போடுவதும், ஈரத் துணியைப் படுக்கைமேல் போடாதிருப்பதும் எவருக்கும் செலவில்லாதவை. பணம் கொடுக்கிறோம் என்பதற்காக அறையை அலங்கோலமாக விட்டுச் செல்பவரைவிட, ஒன்றும் கொடுக்காமல் அறையை ஒழுங்காக விட்டுச் செல்பவர் அந்தப் பெண்மணிக்கு அதிகம் கொடுத்தவர்.

விடுதி உரிமையாளர்கள் செய்யக்கூடியதும் பெரிதல்ல. அறையைச் சுத்தம் செய்தவர் யார் என்பதைக் கதவின் உட்புறத்தில் ஒரு சிறு அட்டையில் எழுதி வைக்கலாம். அவருக்கென ஒரு பெட்டியை வைத்து, அதன் பங்கீட்டைப் பணியாளர்களிடமே விட்டுவிடலாம். எல்லாவற்றுக்கும் முன்னதாக, 'இங்கே டிப்ஸ் வரும்' என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைத்துப் பேசும் வழக்கத்தை விட வேண்டும். அப்படிப் பேசுவது, பக்தர் துப்புரவுப் பணியாளருக்கு அளித்ததைத் தம் பைக்குத் திருப்பிக்கொள்வதற்குச் சமம். அந்தச் சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று பார்ப்பது தொழிலாளர் துறையின் வேலை.

கூலி உரிமையாளர் தீர்க்க வேண்டிய கடன். அன்பளிப்பு விருந்தினர் சொல்லும் நன்றி. கடன் தீராமல் இருக்கும்போது நன்றி சொல்வதை நிறுத்திவிடுவதும் சரியல்ல. நன்றி வருகிறதே என்று கடனைத் தள்ளுபடி செய்துகொள்வதும் சரியல்ல. அடுத்த கிருத்திகைக்கு மலையேற வருவோர், அறைச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் முன் ஒரு கேள்வியை மட்டும் வரவேற்பறையில் கேட்கட்டும்: இந்த அறையைச் சுத்தம் செய்தவர் எங்கே இருக்கிறார்?