பரணில் இருப்பது யார் சாமான்?

ஒரு பெண் குழந்தை தன் சாமான்களை எங்கே வைத்துக்கொள்வது என்பதும் ஒரு விஷயமா, அதற்குப் பத்திரிகையில் இரண்டு பக்கம் வேண்டுமா என்று நேயர்கள் கேட்கலாம். சென்ற மாதம் வரையில் நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் போய்வந்த பிறகு நமது அபிப்பிராயம் மாறிவிட்டது.

கடலூரில் தென்பெண்ணைக் கரைக்குச் சமீபமாக, நமக்கு நெடுநாள் பழக்கமான ஒரு குடும்பத்தார் வசிக்கிறார்கள். அந்த வீட்டில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். படிப்பில் கெட்டிக்காரி. கூடத்தை ஒட்டினாற்போல் இருக்கும் சிறிய அறையில் அவளும் பாட்டியும் படுத்துக்கொள்கிறார்கள். வீட்டில் எல்லாரும் அதைக் 'குழந்தையின் அறை' என்றே சொல்லுகிறார்கள். ஆனால் அந்த அறையில் குழந்தையின் சாமான் எது என்று தேடினால்தான் வேடிக்கை தெரியும்.

சுவரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை அகலமான சிமெண்டுப் பரண். அதன்மேல் பித்தளை அண்டா ஒன்று, தவலை இரண்டு, குத்துவிளக்கு ஒரு ஜோடி, எவர்சில்வர் குடங்கள், ஒன்றுக்குள் ஒன்றாய்ப் போட்ட சம்படங்கள். எல்லாவற்றையும் பழைய பத்திரிகைக் காகிதத்தில் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பாத்திரத்திலும் பெண்ணின் பெயரைப் புள்ளி புள்ளியாய் வெட்டியிருந்தது. அவள் பிறந்த வருஷம் முதல் தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்றாகப் பாட்டி சேர்த்தவை அவை. பீரோவின் இரண்டு தட்டுகளில், கல்யாணத்துக்கென்று வாங்கிய பட்டுப் புடவைகளும் ஜமுக்காளங்களும் அந்துருண்டை மணக்கத் தூங்கிக்கொண்டிருந்தன.

"குழந்தாய், உன் புத்தகங்களெல்லாம் எங்கே?" என்று கேட்டோம்.

"கட்டிலுக்கு அடியிலே, மாமா" என்றாள்.

குனிந்து பார்த்தோம். ஓர் அரிசிச் சாக்கில் சென்ற வருஷத்துப் புத்தகங்கள். துணிக்கடைப் பை ஒன்றில் இந்த வருஷத்து நோட்டுகள். பள்ளிச் சீருடை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. சீப்பும் ரிப்பனும் ஜன்னல் விளிம்பில். பொட்டுகள் கண்ணாடியின் ஓரத்தில் வரிசையாய் ஒட்டிக்கொண்டிருந்தன. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் மெத்தைக்கு அடியில் ஒரு காலண்டர் அட்டைக்குள் இருந்தன. ஏதோ எழுதி வைக்கும் நோட்டு ஒன்றும் தன்னிடம் உண்டு என்றாள். அதை எங்கே வைத்திருக்கிறாள் என்று அவள் சொல்லவில்லை; நாமும் கேட்கவில்லை.

இவ்வளவும் சொன்னது குறை கூறுவதற்காக அல்ல. தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான வீடுகளில் இதே ஏற்பாடுதான். ஆனால் கடலூரில் இதற்கு ஒரு தனி விபரீதம் உண்டு. அந்த வீட்டுச் சுவரில், கட்டில் சட்டத்துக்கு ஒரு சாண் மேலே, பழுப்பு நிறத்தில் ஒரு கோடு ஓடுகிறது. 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் மழையை அடுத்துச் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட பெருவெள்ளம் தென்பெண்ணை வழியே வந்து எழுதிவிட்டுப் போன கோடு அது. இரண்டு முறை வெள்ளையடித்தும் போகவில்லையாம்.

கடலூர் மாவட்டத்தின் பூகோளம் அப்படி. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, தெற்கெல்லையில் கொள்ளிடம் என்று எங்கெங்கோ பெய்த மழையையெல்லாம் சுமந்துகொண்டு ஆறுகள் இங்கே வந்துதான் கடலில் விழுகின்றன. 2004 டிசம்பர் 26 அன்று கடலே எழுந்து வந்தது. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கூரைகளைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. 2015 வெள்ளத்துக்குப் பிறகு, காணாமற்போன சான்றிதழ்களுக்கு நகல் கொடுப்பதற்கென்றே சர்க்கார் விசேஷ முகாம்கள் நடத்த வேண்டியதாயிற்று. சர்க்கார் நகல் கொடுக்கும், சந்தேகமில்லை. ஆனால் பரீட்சைக்காக இரவெல்லாம் கண்விழித்து எழுதிய குறிப்புகளுக்கு நகல் கொடுக்கும் முகாம் எங்கே இருக்கிறது? 2024 இல் இந்தப் பெண்ணின் நோட்டுகள் கூழாய்ப் போயின. பரணில் இருந்த அண்டாவின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை.

மறுநாள் ரயிலேறிச் சிதம்பரம் போனோம். வேறு காரியமாகத்தான் போனோம். ஆயினும் மனத்தில் இந்த விஷயமே சுழன்றுகொண்டிருந்தபடியால், அங்கே மாணவியர் விடுதி ஒன்றைப் பார்க்க வாய்த்தபோது நம் கண் பெட்டிகளையே தேடிற்று. சிதம்பரம் பெண்கள் படிக்க வந்து தங்கும் ஊர். 1916 இல் சுவாமி சகஜானந்தர் ஒடுக்கப்பட்டவர்களின் குழந்தைகளுக்காக நந்தனார் பெயரால் தொடங்கிய பணி இன்று ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பள்ளிகளாக நிற்கிறது. 1929 இல் ஏற்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கோ எங்கெங்கிருந்தோ பெண்கள் வருகிறார்கள்.

நாம் பார்த்த விடுதியில் ஓர் அறைக்குப் பல பெண்கள். வீட்டில் இருப்பதைவிட இடம் குறைவு. இருந்தும் ஒவ்வொருத்திக்கும் ஒரு தகரப் பெட்டி. அதற்கு ஒரு பூட்டு. சாவி கழுத்துக் கயிற்றில். காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி தன் பெட்டியைத் திறந்து காட்டினாள். அடியில் கனமான புத்தகங்கள். அடிக்கடி வேண்டாதவை அங்கே இருக்கலாம் அல்லவா? அதற்கு மேல் மடித்த துணிகள். அவற்றுக்கு மேல் அன்றாடம் வேண்டிய நோட்டுகள், ஊசி நூல், எண்ணெய்ச் சீசா. சீசாவை மட்டும் தனியாக ஒரு டப்பாவுக்குள் நிறுத்தியிருந்தாள். ஒருமுறை எண்ணெய் கொட்டிப் பௌதிக நோட்டு பாழானதிலிருந்து இந்த ஏற்பாடாம். மூடியின் உட்புறத்தில் பரீட்சைக் கால அட்டவணையை ஒட்டியிருந்தாள். பூச்சிக்குக் காய்ந்த வேப்பிலையும் இரண்டு துண்டு வசம்பும். பெட்டி தரையில் படாமல் நான்கு செங்கற்கள்மேல் நின்றது. கடற்காற்றில் கீல் துருப்பிடிக்காமல் மாதம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தடவுகிறாள். நமது வீட்டு அலமாரி நினைவுக்கு வந்து சற்று வெட்கமாயிருந்தது.

"வீட்டிலும் உனக்குப் பெட்டி உண்டா, அம்மா?"

"வீட்டிலே எதுக்குங்க? அங்கே எல்லாம் எல்லாருக்கும் பொதுதானே!" என்று சிரித்தாள்.

எல்லாம் பொது என்பது நல்ல தர்மந்தான். ஆனால் அண்ணனுடைய சட்டைக்கு அலமாரியில் ஒரு தட்டு உண்டு. தந்தையின் காகிதங்களுக்கு மேஜையில் ஓர் இழுப்பறை உண்டு. பொது என்பது பெண் முறை வரும்போது மட்டும் கட்டிலுக்கு அடியாகிவிடுகிறது. இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். மாதவிலக்குத் துணியைப் பிறர் கண்ணில் படாமல் வைக்க இடமில்லாமல், ஈரம் காயாமலே கூரை இடுக்கிலும் மற்றத் துணிகளுக்கு அடியிலும் செருகும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். துணியை நன்றாகத் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லுகிறார்கள். வெயில் எல்லாருக்கும் இருக்கிறது. மூடியுள்ள ஒரு சிறு டப்பாவும், அதைக் கூச்சமின்றி வைக்க ஒரு மூலையுமே கிடைப்பதில்லை.

மாலையில் தில்லைக் கோயிலுக்குப் போனோம். தேவார ஏடுகள் இந்தக் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்ததாகவும், இராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் வந்து திறந்து பார்த்தபோது பெரும் பகுதியைக் கறையான் அரித்திருந்ததாகவும் ஐதிகம். பூட்டி வைத்தவர்கள் பத்திரமாக இருக்கட்டும் என்றுதானே பூட்டியிருப்பார்கள்! கடலூர்ப் பாட்டியின் பட்டுப் புடவைகள் ஞாபகத்துக்கு வந்தன. வருஷக் கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு மடிப்பிலேயே விட்டுப்போகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிழலில் உலர்த்தி மடிப்பை மாற்ற வேண்டும். திரும்பும் வழியில் பாட்டியிடம் இதிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம் என்று தீர்மானித்துக்கொண்டோம்.

யோசனை பலித்தது. புடவையைப் பற்றிச் சொன்னதும் பாட்டி உற்சாகமாகிவிட்டார். அப்புறம் மெதுவாகப் பரண் பக்கம் வந்தோம்.

"பாட்டி, வெள்ளம் வந்தால் அண்டாவுக்கு என்ன ஆகும்?"

"அண்டாவுக்கு என்ன ஆகும்? துடைத்துக் கவிழ்த்தால் போயிற்று."

"புத்தகத்துக்கு?"

பாட்டி பதில் சொல்லவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் தந்தை இருமினார்.

"அதெல்லாம் இருக்கட்டும், தம்பி. சீர் இல்லாமல் ஒரு பெண்ணை அனுப்ப முடியுமா?" என்றார் பாட்டி, சற்று நேரம் கழித்து.

நாம் விவாதத்துக்குப் போகவில்லை. ஒரு செய்தி மட்டும் சொன்னோம். ஏழைப் பெண்களின் திருமணத்துக்கென்று மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989 இல் தொடங்கிய உதவித் திட்டத்தில் பிற்காலத்தில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது அல்லவா? 2022 இல் அதே திட்டத்தை உயர்கல்வித் திட்டமாக மாற்றி, ஆறாம் வகுப்பு முதல் சர்க்கார் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் என்று ஆக்கினார்கள். தங்கம் போய்ப் படிப்பு வந்தது. அதற்கு விண்ணப்பிக்கப் பாத்திரத்தில் வெட்டிய பெயர் உதவாது. மெத்தைக்கு அடியில் இருக்கும் காகிதந்தான் வேண்டும்.

"மெத்தைக்கு அடியிலா வைத்திருக்கிறாள்?" என்று பாட்டி திடுக்கிட்டுக் கேட்டார்.

அன்று மாலையே தந்தை சுவரை அளந்தார். பழுப்புக் கோட்டுக்கு ஒரு முழம் மேலே, ஜன்னலை ஒட்டி, மூன்றடி நீளத்தில் ஒரு பலகை அடிப்பதாக ஏற்பாடு. சான்றிதழ்களைப் படம் பிடித்துச் சர்க்காரின் மின்பெட்டகத்திலும் ஏற்றி வைக்கலாம் என்று பெண்ணே சொன்னாள். அது நமக்குத் தோன்றவில்லை. ஆனால் அசல் காகிதங்களுக்கு என்ன செய்வது என்று எல்லாரும் யோசித்துக்கொண்டிருக்கையில், பாட்டி முக்காலியைப் போடச் சொல்லிப் பரணிலிருந்து ஒரு கட்டை இறக்கச் செய்தார். சணலை அறுத்து, காகிதத்தைப் பிரித்து, அழுத்தமான மூடி போட்ட பெரிய எவர்சில்வர் சம்படம் ஒன்றை எடுத்தார். பதினாறு வருஷத்தில் அது வெளிச்சத்தைப் பார்த்தது அதுவே முதல் தடவை. தம் முந்தானையால் உள்ளே ஒரு துடை துடைத்துப் பேத்தியிடம் நீட்டினார்.

"கல்யாணத்துக்கு முந்தித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், தெரிகிறதா?" என்றார்.

பெண் மூடியைத் திறந்தும் மூடியும் பார்த்தாள். பிறகு சான்றிதழ்களை வைத்தாள். அவற்றின்மேல் நாம் இதுவரை பார்த்திராத ஒரு நோட்டையும் வைத்து, சட்டென்று மூடிவிட்டாள்.