சம்பளம் வருது, எங்கே போவுது?
புதுக் குடித்தனத்துக்கு ஒரு கணக்கு



கல்யாணம் முடிந்து மூன்று மாதம் ஆகிவிட்டால், புது மாப்பிள்ளை வாயிலிருந்து வரும் கேள்வி இதுதான்: "ரெண்டு பேரும்தான் வேலைக்குப் போறோம், காசு எங்கதான் போவுது?" கேட்டவுடன் பெரியவர்கள் சிரிப்பார்கள். நாம் சிரிக்கப் போவதில்லை. இந்தக் கேள்விக்கு முதல் வருடத்திலேயே பதில் தேடிய குடும்பம் தலைநிமிர்ந்து நிற்கிறது. தேடாத குடும்பம் அறுபது வயதில் தோட்ட வீட்டைக் காலி செய்யும்போது, மூட்டை முடிச்சோடு எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிறது.

நம் வருமானத்துக்கும் பருவம் உண்டு

ஆபீஸ் உத்தியோகம் பார்ப்பவருக்குப் பன்னிரண்டு மாதமும் ஒரே சம்பளம். நமக்கு அப்படி இல்லை. செம்பனைக் குலை ஆண்டின் பிற்பகுதியில் நிறைய வரும். ஆண்டுத் தொடக்கத்தில் குறையும். ரப்பரிலோ பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை இலையுதிர் காலம், பாலும் குறைந்துவிடும். மழை பெய்தால் வெட்டே இல்லை.

செலவு எப்படி வருகிறது என்று பாருங்கள். அக்டோபர், நவம்பரில் தீபாவளி. 2026 முதல் பள்ளிக்கூடமும் பழையபடி ஜனவரியில் திறக்கிறது. சட்டை, சப்பாத்து, புத்தகப் பை எல்லாம் அப்போது வாங்க வேண்டும். அதை வாங்கி முடிப்பதற்குள் வருமானம் இறங்கிவிடுகிறது. ஐப்பசியில் கை நிறையக் காசு, மாசியில் கைமாத்து! வருடா வருடம் இதே கதை என்றால், அது விதியல்ல, கணக்குப் பிசகு. குலை அதிகமாக வரும் மாதங்களில் கிடைக்கும் கூடுதல் காசு தீபாவளிக்கு மட்டும் உரியதல்ல. மாசி மாதத்துக்கும் அதில் பங்கு உண்டு.

555 புத்தகம் உங்கள் கையில்

கடைக்காரர் நம் கடனை எழுதி வைக்கும் சின்ன 555 புத்தகத்தை அறியாதவர் யார்? அதில் ஒன்றை நீங்களும் வாங்குங்கள். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. கணவன் மனைவி இருவரும் எழுத வேண்டும். சிகரெட், பீர், போன் ரீலோட், லாட்டரிச் சீட்டு என்று ஒன்றையும் மறைக்கக் கூடாது. மூன்று மாதம் எழுதிப் பார்த்தால் காசு போகும் வழி தானே தெரியும்.

2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்றானது. சேமநிதி, சொக்சோ பிடித்தம் போக ஏறக்குறைய 1,500 வெள்ளி கைக்கு வரும். இருவர் உழைத்தால் 3,000. இதில் 300 வெள்ளியைச் சம்பளம் வந்த அன்றைக்கே வேறொரு பேங்குக் கணக்கில் போட்டுவிடுங்கள். "மிச்சம் இருந்தா போடலாம்" என்றால் மிச்சமே இருக்காது. ஒரு வருடத்தில் 3,600 வெள்ளி சேரும். முதல் 1,500 வெள்ளி ஆபத்து அவசரத்துக்கு. அடுத்தது, வரப்போகும் குழந்தைக்கு.

வட்டி என்னும் அட்டை

கல்யாணக் கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஆலோங்கிடம் 1,000 வெள்ளி வாங்குகிறீர்கள். மாதம் நூற்றுக்கு இருபது வட்டி என்றால், மாதா மாதம் 200 வெள்ளி கட்ட வேண்டும். ஐந்து மாதத்தில் 1,000 வெள்ளி கட்டியாகிவிட்டது. ஆனால் முதல் அப்படியே நிற்கிறது!

லைசென்ஸ் உள்ள வட்டிக்கடை, அடமானம் இல்லாத கடனுக்கு வருடத்துக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்பது சட்டம். அதே 1,000 வெள்ளிக்கு மாத வட்டி 15 வெள்ளிதான். 15 எங்கே, 200 எங்கே? கடன் கொடுப்பவர் உங்கள் பேங்குக் கார்டையும் ரகசிய எண்ணையும் கேட்டால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பேங்குக் கடனில் மாட்டிக்கொண்டவர்கள் ஏ.கே.பி.கே. அலுவலகத்துக்குப் போகலாம். பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய அமைப்பு அது. ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை.

கூட்டுப் பிடிப்பவர்களுக்கும் ஒரு சொல். நம் தமிழ்ச் சொல்லான கூட்டு என்பதையே பெயரில் வைத்து 1971-இல் ஒரு தடைச் சட்டம் வந்தது. "நம்ம அக்காதானே நடத்துறாங்க" என்று நம்பிப் பணம் கட்டுகிறோம். அந்த அக்கா ஒருநாள் காணாமல் போனால், தடை செய்யப்பட்ட விஷயத்துக்கு எந்த வாசலில் போய் நீதி கேட்பது?

சேமநிதி உங்கள் காசு

1,700 வெள்ளி சம்பளத்தில் உங்கள் பங்கு 187 வெள்ளி, முதலாளி பங்கு 221 வெள்ளி. ஆக மாதம் 408 வெள்ளி. 2024 மே மாதத்திலிருந்து இந்தப் பணம் மூன்று கணக்காகப் பிரிகிறது. முதுமைக் கணக்குக்கு 306 வெள்ளி. வீடு, படிப்பு, மருத்துவம் போன்றவற்றுக்கான கணக்குக்கு 61 வெள்ளி 20 காசு. எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்குக்கு 40 வெள்ளி 80 காசு. எடுக்கலாம் என்பதற்காகப் புதுப் போன் வாங்க எடுக்காதீர்கள். ஆபத்துக்கென்று விட்டு வையுங்கள்.

சம்பளச் சீட்டில் பிடித்த காசு சேமநிதிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் முதலாளி கட்டியாக வேண்டும். ஏறவில்லை என்றால் கிராணியைக் கேளுங்கள், சங்கத்திடம் சொல்லுங்கள்.

இன்னொன்று: வாரிசுப் பெயர். இளந்தாரியாக இருந்தபோது அம்மா பெயரையோ அண்ணன் பெயரையோ எழுதியிருப்பீர்கள். இன்று மனைவி, பிள்ளை வந்தாச்சு. பெயரை மாற்றினீர்களா? இந்த வேலைக்கு அரை நாள் போதும். செய்யாமல் விட்டால், துக்க வீட்டிலேயே சண்டை மூளும்.

வீட்டோடு இருக்கும் பெண்களுக்கும் சொக்சோவில் தனித் திட்டம் உண்டு. 2022 டிசம்பரில் தொடங்கியது. 55 வயதாகாத குடும்பப் பெண்கள் சேரலாம். வருடத்துக்கு 120 வெள்ளி.

பிள்ளை வரும்போது

பிள்ளை எப்போது, எத்தனை என்பதைப் புருஷனும் பெண்சாதியும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். மாமியாரோ பக்கத்து வீடோ முடிவு செய்யக் கூடாது. இடைவெளி விட்டுப் பெற்றால் தாயின் உடம்பும் தேறும், காசும் தேறும். அதற்கான ஆலோசனை அரசாங்க கிளினிக்கில் கிடைக்கிறது. வெட்கப்பட வேண்டாம்.

2023 ஜனவரி முதல் பிரசவ விடுமுறை 98 நாள். தகப்பனுக்கும் சம்பளத்தோடு 7 நாள். அதற்கு அதே முதலாளியிடம் ஒரு வருடம் வேலை செய்திருக்க வேண்டும், 30 நாள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். "எனக்குத் தெரியாதே" என்று பிறகு சொல்லிப் பயனில்லை.

பத்து வெள்ளியின் பலம்

"நம்ம சம்பளத்துல என்னத்த சேக்கிறது?" என்பவர்களுக்கு ஒரு வரலாறு. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்த காலத்தில், 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாகக் கட்டிப் பங்குதாரர் ஆனார்கள். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. அதன் பின் தோட்டங்கள் பல வந்தன. இன்றைய நம்மைவிட மிகக் குறைவாகச் சம்பாதித்தவர்களின் காசு அது!

தோட்டத்து வீடு வேலை இருக்கும்வரைதான் நம்முடையது. சொந்த வீட்டுக்கான முதல் காசை முப்பது வயதில் போடுகிறவருக்கு முப்பது வருட அவகாசம் உண்டு. ஐம்பதில் விழிப்பவருக்குப் பத்தே வருடம். அடுத்த சம்பள நாள் வருவதற்குள் அந்த 555 புத்தகத்தை வாங்கிவிடுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் இருவர் பெயரையும் எழுதுங்கள்.