பத்து விரலில் ஒரு சிம்பொனி

சிம்பொனியை நேரில் கேட்க நம் ஊரிலிருந்து நெடுந்தூரம் போக வேண்டும். 2006-இல் தொடங்கிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா இருப்பது மும்பையில். இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று அரங்கேறியது லண்டனில். ஆனால், சிம்பொனியை வீட்டிலேயே வாசித்து அறிய ஒரு வழி உண்டு: பியானோ டிரான்ஸ்கிரிப்ஷன்.

சிம்பொனியின் ஸ்கோரில் புல்லாங்குழல் முதல் டபுள் பேஸ் வரை ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி வரி இருக்கும். அவற்றை இரண்டு கைக்கு இரண்டு வரியாகச் சுருக்குவதே டிரான்ஸ்கிரிப்ஷன். இசைத்தட்டு பரவாத 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பலர் சிம்பொனிகளை அறிந்தது இப்படித்தான். ஒரே பியானோவில் இருவர் அமர்ந்து நான்கு கையால் வாசிக்கும் பதிப்புகளும் ஏராளமாக அச்சாயின.

இதில் சிகரம் தொட்டவர் ஃபிரான்ஸ் லிஸ்ட். 1837-இல் தொடங்கி, பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளையும் பியானோவுக்கு மாற்றினார். முழுத் தொகுதி 1865-இல் வெளிவந்தது. எந்த இடம் எந்தக் கருவிக்கு உரியது என்பதையும் அதில் குறித்திருக்கிறார்.

சுருக்குவது எளிதல்ல. வயலின் ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும். பியானோவில் தட்டிய ஒலி உடனே தேயத் தொடங்கும். அதனால் நீண்ட ஒலிகளை இரு ஸ்வரங்களின் விரைவான அதிர்வாக எழுதுவார்கள். விரலுக்கு எட்டாததை வேறு ஸ்தாயிக்கு நகர்த்துவார்கள். மெட்டையும் பேஸையும் காத்து, நடுக்குரல்களில் சிலவற்றை விடுவார்கள்.

தேவாலயத்தில் பாமாலைக்கு நான்கு குரல்களையும் கீபோர்டில் வாசிப்பவர்களுக்கு இதன் அடிப்படை கைவந்ததே. அவர்கள் பீத்தோவனின் ஏழாம் சிம்பொனியின் இரண்டாம் பகுதியிலிருந்து தொடங்கலாம். மெதுவான தாளக்கட்டு கீழ் ஸ்தாயியில் பிறக்கும். பிறகு இன்னொரு மெட்டு அதனுடன் சேரும். லிஸ்ட் பதிப்பு கடினம். முதலில் எளிமையாக்கிய பதிப்போ நான்கு கைப் பதிப்போ போதும். 61 கட்டை கீபோர்டில் கீழ் ஸ்தாயி குறையும். 88 கட்டையும் சஸ்டெய்ன் பெடலும் இருந்தால் நல்லது.

முதலில் இசைக்குழுவின் பதிவைக் கேளுங்கள். வாசிக்கும்போது எந்த விரல் செல்லோ, எந்த விரல் ஓபோ என்று மனத்தில் பிரித்துக் கேளுங்கள். கேட்பவருக்குப் பிடிபடாத நடுக்குரல்கள்கூட வாசிப்பவர் கைக்குத் தெரியும். இதை நகல் என்று ஒதுக்காதீர்கள். சிம்பொனியின் கட்டமைப்பைக் கற்க இதைவிட நல்ல பாடம் இல்லை.