சந்தையில் பத்தடி நிலம்

வியாபாரியின் மூலதனம் என்றால் நாம் காசையும் சரக்கையும்தான் கணக்கில் எடுக்கிறோம். நிற்கும் இடத்தை எடுப்பதில்லை. 2018 இல் திகனவிலும் 2019 மே மாதம் மினுவாங்கொடையிலும் கடைகள் எரிந்ததை நாடே பார்த்தது. ஆனால் கல்லும் நெருப்பும் இல்லாமலே ஒருவனின் இடத்தைப் பறிக்கலாம்.

2019 ஜூனில் வென்னப்புவ பிரதேச சபைத் தலைவரின் கடிதம் ஒன்று வந்தது. தங்கொட்டுவ வாரச் சந்தையில் முஸ்லிம் வியாபாரிகளுக்குத் தற்காலிகத் தடையாம்! விடயம் மாரவில நீதவான் முன் போனது, தடை நிலைக்கவில்லை. எழுத்தில் இருந்தபடியால்தான் அதை நீதிமன்றத்தில் காட்ட முடிந்தது.

எழுத்தில் வராதவைதான் அதிகம். நானும் புடவைப் பொதியோடு சந்தை சந்தையாகத் திரிந்தவன். அதே வருடம் ஓர் ஊரில் டிக்கெட் வெட்டுபவர் என்னைத் தாண்டிப் போனார். கேட்டதற்கு, "நானா, இந்தக் கிழமை வேண்டாம், அடுத்த கிழமை பார்ப்போம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பக்கத்தில் வெங்காயம் விற்ற சிங்கள நண்பர் தன் படங்கில் பாதியை எனக்கு விட்டுத் தந்தார். அன்று விற்றது அவர் தயவில். தயவை நம்பிக் கொழும்பில் கடனுக்குச் சரக்கு எடுக்க முடியுமா?

நகரத்துக் கடைக்காரருக்குக் கதவும் வாடகை ஒப்பந்தமும் உண்டு. சந்தை வியாபாரிக்கு இருப்பது அன்றைய டிக்கெட் மட்டுமே. ஒரு கிழமை தவறினால் அந்தப் பத்தடியில் வேறொருவர் படங்கு விரித்திருப்பார். வாடிக்கையாளரும் அவரிடம் பழகிவிடுவார்.

அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை மத பாகுபாட்டைத் தடுக்கிறது. 14 ஆம் உறுப்புரை சட்டபூர்வமான தொழிலைச் செய்யும் உரிமையைப் பிரஜைக்குத் தருகிறது. பிரதேச சபை இவற்றை மீறினால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப்போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. தனியார் கட்டடச் சொந்தக்காரர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தால் இந்த வழி உதவாது. அது வேறு கதை.

நம்மவர்கள் டிக்கெட்டைச் சந்தை கலையும்போதே கசக்கி எறிகிறார்கள். அந்த இடத்தில் எத்தனை வருடம் நின்றோம் என்பதற்கு வேறு சாட்சி ஏது? திகதி வாரியாகக் கோவையில் போட்டு வையுங்கள். வாயால் தடுத்தால் யார் சொன்னார், எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார் நின்றார் என்று அன்றைக்கே எழுதி, சபைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். தபால் பற்றுச்சீட்டும் அதே கோவையில் இருக்கட்டும்.