புல் தின்றே நோயாளியாகும் மட்டக்குதிரைகள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் இங்கிலாந்துக் கிராமங்களில் மட்டக்குதிரை வைத்திருப்பவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்க ஆரம்பித்துவிடும். காரணம், பசும்புல். குளிர் விலகி, வெயில் தலைகாட்டி, தரையெல்லாம் பச்சை பிடிக்கும் அந்த நாட்களில்தான் நேற்றுவரை துள்ளித் திரிந்த குதிரை இன்று கால் ஊன்ற முடியாமல் நிற்கும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சவாரிக் குதிரைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு, ஒரு குதிரை புல் தின்றே நோயாளியாகும் என்பது நம்பமுடியாத சங்கதிதான். ஆனால் பிரிட்டனில் மட்டக்குதிரை வைத்தியம் பார்ப்பவர்களுக்குத் தின்று கொழுத்தவைதான் பெரிய தலைவலி.

இந்தக் குதிரைகளின் பூர்வீகத்தைப் பார்த்தால் விஷயம் பாதி புரிந்துவிடும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே காற்று ஓயாத ஷெட்லாண்ட் தீவுகள், வேல்ஸ் மலைகள், தென்மேற்கு இங்கிலாந்தின் எக்ஸ்மூர், டார்ட்மூர் புதர் மேடுகள். எல்லாமே மண்ணில் சத்தில்லாத இடங்கள். கோடையில் கிடைத்ததைத் தின்று கொழுப்பாகச் சேர்த்துக்கொண்டு, குளிர்காலத்தில் அதைக் கரைத்து உயிர் பிழைத்த பிராணிகள் இவை. வேறொன்றும் கிடைக்காத நாளில் கோர்ஸ் என்ற முட்புதரைக்கூட விடுவதில்லை. முன்னங்குளம்பால் முள்ளை மிதித்து நசுக்கிவிட்டுத் தின்னும். எக்ஸ்மூர் குதிரைக்கு மயிர் இரண்டு அடுக்கு. முதுகில் விழுந்த பனி உடல்சூட்டில் உருகாமல் அப்படியே கிடக்கும், அவ்வளவு கச்சிதமான போர்வை. உழைப்பிலும் குறைச்சலில்லை. பெண்களையும் பத்து வயதுக்குக் குறைந்த சிறுவர்களையும் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறக்கக்கூடாது என்று 1842-ல் பிரிட்டன் சட்டம் போட்டபின், கரித்தொட்டிகளை இழுக்க மந்தை மந்தையாகக் கொண்டுபோகப்பட்டவை ஷெட்லாண்ட் குதிரைகள். வளர்ந்த குதிரையே 107 செ.மீ. உயரத்தைத் தாண்டக்கூடாது என்பது அந்த இனத்தின் விதி.

இன்று அதே குதிரை ஏதோ ஒரு வீட்டுக்குப் பின்னால் செழும்புல்லில் நிற்கிறது. யாருக்காக வாங்கினார்களோ அந்தக் குழந்தை வளர்ந்து, கால் தரையில் தட்டும் உயரமாகி, கல்லூரிக்குப் போயாயிற்று. சவாரியும் இல்லை, வண்டியும் இல்லை. குளிருக்கு ஒரு கம்பளிப் போர்வை, வேலிக்கு அந்தப் பக்கம் கையில் கேரட்டோடு வரும் அக்கம்பக்கத்தார். பஞ்சத்துக்கென்று அமைந்த உடம்பு விருந்தில் மாட்டிக்கொண்டது.

அந்தப் புல்லும் பழைய புல் இல்லை. வேல்ஸின் அபெரிஸ்ட்வித் நகரில் 1919-ல் தொடங்கிய பயிர்ப்பெருக்க நிலையம் பிரிட்டனின் மேய்ச்சல் நிலங்களையே மாற்றிவிட்டது. கறவை மாடு பால் கூடுதலாகத் தரவேண்டும், ஆடு சீக்கிரம் எடை போடவேண்டும் என்று சர்க்கரை மிகுந்த ரைகிராஸ் வகைகள் பின்னாளில் அங்கே உருவாயின. மாட்டுக்கு அது வரம். வேல்ஸ் மலைக்குதிரைக்கு ஆகாத புல் அதன் சொந்த மண்ணிலேயே பிறந்தது வேடிக்கைதான். போதாக்குறைக்குப் புல்லின் சர்க்கரை எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. பகல் வெயிலில் புல் சர்க்கரையைத் தயாரிக்கிறது, இரவில் அதைச் செலவழித்து வளர்கிறது. இரவு கடுங்குளிராக இருந்தால் வளர்ச்சி நின்று, சர்க்கரை அப்படியே தங்கிவிடும். தரையெல்லாம் உறைபனி பூத்து, அதன்மேல் வெயில் அடிக்கும் காலைப்பொழுது பார்க்க எவ்வளவு அழகோ, மட்டக்குதிரைக்கு அவ்வளவு ஆபத்து.

ஆபத்து வந்து விடிவது காலில். லேமினைட்டிஸ் என்று பெயர். குளம்பின் கெட்டியான சுவரும் உள்ளே இருக்கும் எலும்பும் நூற்றுக்கணக்கான மெல்லிய மடிப்புகளால் ஒன்றையொன்று கோத்துப் பிடித்திருக்கின்றன. குதிரையின் மொத்த எடையையும் தாங்குவது அந்தப் பிடிப்புத்தான். அது தளர்ந்தால் எலும்பு குளம்புக்குள்ளேயே சாய்கிறது. முற்றிவிட்டால் உள்ளங்காலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். நோய் கண்ட குதிரை முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, எடையைக் குதிகால் பக்கம் தள்ளி, பின்னங்கால்களை வயிற்றுக்கடியில் இழுத்துவைத்து நிற்கும். தரை சுடுவதுபோலக் காலை மாற்றி மாற்றி ஊன்றும். பக்கவாட்டில் திருப்பப் பார்த்தால் திரும்பாது. குளம்பின்மேல் கைவைத்தால் சூடு தெரியும். கணுக்காலுக்குப் பின்னால் விரல் வைத்தால் நாடி தடதடவென்று அடிக்கும். வலி தாங்காமல் கடைசியில் ஊசி போட்டு உயிரை முடித்துவைக்கும் நிலைக்குப் போகிற குதிரைகள் உண்டு.

தின்ற புல்லுக்கும் நொந்த குளம்புக்கும் என்ன சம்பந்தம்? ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஒரு சோதனை இதில் பெரிய வெளிச்சம் பாய்ச்சியது. நோய்நொடி இல்லாத மட்டக்குதிரைகளின் ரத்தத்தில் இன்சுலினைத் தொடர்ந்து ஏற்றினார்கள். சர்க்கரை இறங்கிவிடாமல் குளுக்கோஸும் கூடவே போனது. மூன்று நாளுக்குள் நான்கு குளம்புகளிலும் லேமினைட்டிஸ். இன்சுலின் ஒன்றே அதற்குப் போதுமானதாக இருந்தது. பருத்த மட்டக்குதிரையின் உடம்பு பெரும்பாலும் இன்சுலினின் சொல் கேட்பதில்லை, அதனால் கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அந்த நிலையில் சர்க்கரைப் புல் வயிறு நிறையப் போனால் அளவு எகிறிவிடும். வீட்டுக்கொரு சர்க்கரைக்காரர் இருக்கும் நம்மூரில் இந்தக் கதை பாதி பழக்கமானது. மீதிப் பாதியில்தான் வித்தியாசம். நமக்கு ரத்தச் சர்க்கரை ஏறுகிறது, குதிரைக்குப் பெரும்பாலும் அது ஏறுவதில்லை. அதன் காலை வாரிவிடுவது இன்சுலின்.

இவ்வளவும் தெரிந்தவர்களே ஏன் எடையைக் குறைக்காமல் விடுகிறார்கள்? கண் பழகிவிட்டது என்பதுதான் என் கணிப்பு. கண்காட்சி மைதானங்களில் உருண்டு திரண்ட குதிரைக்குப் பரிசு கிடைக்கிறது என்ற புகார் அங்கே பல காலமாக உண்டு. அதன் பக்கத்தில் சரியான உடம்புள்ள குதிரை நின்றால் நோஞ்சானாகத் தெரியும். நம் வீடுகளின் கொழுகொழு குழந்தை மோகத்துக்கு இது சற்றும் குறைந்ததில்லை. அதனால்தான் மருத்துவர்கள் கண்ணை நம்பாதே, கையால் தொட்டுப் பார் என்கிறார்கள். விலாவின்மேல் விரல்களைத் தட்டையாக வைத்து ஓட்டினால் எலும்புகள் லேசாகத் தட்டுப்படவேண்டும். அழுத்தித் தேடவேண்டியிருந்தால் சதை கூடிவிட்டது என்று அர்த்தம். அடுத்தது கழுத்து. பிடரி மயிர் முளைக்கும் மேட்டைக் கையால் பிடித்து இரண்டு பக்கமும் அசைத்துப் பார்க்கவேண்டும். இளகி ஆடினால் தேவலை. இறுகிப்போய் அசைய மறுத்தாலோ, கொழுப்பின் கனம் தாங்காமல் ஒரு பக்கம் சரிந்திருந்தாலோ மருத்துவரைக் கூப்பிட வேண்டிய நேரம் அது.

எடைமேடை எல்லோரிடமும் இராது. தையல்காரர் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவைச் செ.மீ. கணக்கில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டமுனைவரை உள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். சுற்றளவு 148, நீளம் 136 என்றால் ஏறக்குறைய 250 கிலோ. வேல்ஸ் மலைக்குதிரை போன்ற சிறிய உருவத்துக்கு இது தாராளமான எடை. நாடாக் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். இருந்தாலும் ஒரே ஆள் வாரம் ஒருமுறை அளந்து எழுதிவைத்தால் எடை ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும். நோட்டுப் புத்தகத்துக்குப் பாசம் கிடையாது, அதுதான் அதன் நல்ல குணம்.

சாப்பாட்டுக் கணக்கும் இந்த எடையிலிருந்தே தொடங்குகிறது. ஒரு குதிரை சாதாரணமாக நாளொன்றுக்குத் தன் எடையில் 2 முதல் 2.5 சதவீதம் தீவனம் தின்னும், ஈரத்தைக் கழித்த கணக்கில். மெலியவேண்டிய குதிரைக்கு 1.5 சதவீதம். 250 கிலோ குதிரைக்கு 3.75 கிலோ ஆகிறது. காய்ந்த புல்லிலும் சிறிது ஈரம் இருப்பதால் தராசில் நான்கேகால் கிலோ நிறுக்கவேண்டும். 'ஒரு கட்டு', 'ஒரு கைப்பிடி' என்ற அளவெல்லாம் உதவாது. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற நம் பழமொழியும் இங்கே செல்லாது. தானியம், பயறு, வெல்லப்பாகு சேர்த்த தீவனம் எதுவும் வாளியில் விழக்கூடாது. வைட்டமின், தாது உப்பு, புரதம் சேர்ந்த துணைத்தீவனம் சிறிதளவு கொடுத்தால் போதும்.

அப்படியானால் நாலு நாள் பட்டினி போட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடுமே என்று தோன்றும். குதிரைதான் முடிந்துவிடும். மட்டக்குதிரைக்கும் கழுதைக்கும் தீவனம் திடீரென்று நின்றுபோனால், உடம்பு சேர்த்துவைத்த கொழுப்பை ஒரேயடியாக ரத்தத்தில் இறக்கிவிடுகிறது. ரத்தம் பால் கலந்ததுபோல வெளிறிவிடும், கல்லீரல் திணறும். ஹைப்பர்லிபீமியா என்ற இந்த நோய் பருமனான உடம்பில்தான் சுலபமாக வருகிறது, வந்தால் உயிர் பிழைப்பது கடினம். எது அதிகம் மெலியவேண்டுமோ அதைத்தான் பட்டினி போடக்கூடாது! இன்னொன்று, குதிரையின் இரைப்பையில் அமிலம் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கும். திறந்தவெளியில் நாளில் பதினாறு மணி நேரம்வரை மேயும் பிராணியைச் சும்மா நிறுத்திவைத்தால் குடற்புண்தான் மிஞ்சும். அதனால் அந்த நான்கேகால் கிலோவை நாலைந்து தவணையாகப் பிரித்து, சின்னக் கண்ணுள்ள வலையில் போட்டுத் தொங்கவிடுகிறார்கள். கெட்டிக்காரக் குதிரைக்கு வலைக்குள் வலை. வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் குறைந்தால் சரியான வேகம். சில குதிரைகள் இதற்கும் அசையாது. அவற்றுக்கு அளவை மேலும் குறைப்பது மருத்துவர் பார்த்துச் செய்யவேண்டிய வேலை.

காய்ந்த புல்லைத் தண்ணீரில் ஊறவைப்பது மட்டக்குதிரையை மெலியவைக்கும் வீடுகளில் அன்றாடச் சடங்கு. வலையோடு தொட்டியில் அமுக்கி மேலே கல் வைத்துவிட்டால், சில மணி நேரத்தில் தண்ணீர் கடுந்தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். புல்லின் சர்க்கரையில் ஒரு பங்கு அதோடு போகிறது, தாது உப்பும் போகிறது. எவ்வளவு போகும் என்பது புல்லுக்குப் புல் மாறுபடும். எனவே ஊறவைத்துவிட்டேன், இனிக் கவலையில்லை என்று இருந்துவிட முடியாது. வெயில் நாளில் அதிக நேரம் ஊறினால் புளித்துப்போகும். ஆவியில் வேகவைப்பது தூசிக்கு நல்லது, சர்க்கரையை அது எடுக்காது. காய்ந்த புல்லில் ஒரு பகுதிக்குப் பதிலாக பார்லி, ஓட்ஸ் வைக்கோல் கலப்பவர்களும் உண்டு. பல் நன்றாக இருக்கவேண்டும், சிறிது சிறிதாகப் பழக்கவேண்டும். அவசரப்பட்டால் வயிற்றுக்கட்டு வரும்.

மேய்ச்சலுக்குத்தான் நிறையத் தந்திரம் தேவைப்படுகிறது. நேரத்தைக் குறைத்து, தினம் மூன்று மணி நேரம் மட்டும் அவிழ்த்துவிட்டால் போதும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். மட்டக்குதிரை அதையும் கணக்குப் போட்டுவைத்திருக்கிறது. அந்த மூன்று மணி நேரத்துக்குள்ளேயே ஒரு நாள் தீவனத்தில் நாற்பது சதவீதத்தை அவசர அவசரமாக உள்ளே தள்ளிவிடப் பழகிக்கொள்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாய்க்கூடை இதைவிடப் பலன் தரும். அடியில் சிறு துளையுள்ள கூடையை முகத்தில் மாட்டிவிட்டால் துளை வழியே நீளும் புல்நுனி மட்டும் கிடைக்கும், தண்ணீரும் குடிக்கலாம். மேயும் அளவு எண்பது சதவீதம்வரை குறையும். தோல் உராயாமல், பல் தேயாமல் கவனித்து, நாளில் சில மணி நேரமாவது கழற்றிவிட வேண்டும். வழியில் போகிறவர்கள் பார்த்து 'ஐயோ பாவம்' என்பார்கள்.

இன்னொரு வழி நிலத்தையே மாற்றுவது. 1980-களில் நெவாடாவின் காட்டுக்குதிரைகளைக் கவனித்த அமெரிக்க லாடக்காரர் ஜெய்ம் ஜாக்சன் பரப்பிய யோசனை இது. வயலின் நடுப்பகுதியை வேலியிட்டு அடைத்து, ஓரமாக ஒரு சுற்றுப்பாதை மட்டும் விடுவது. தண்ணீர் ஒரு மூலையில், புல் வலை எதிர்மூலையில். குதிரை நாளெல்லாம் நடந்தாகவேண்டும்.

உடற்பயிற்சி இல்லாமல் வெறும் பத்தியம் மட்டும் இருந்தால் எடை குறையும், ஆனால் இன்சுலின் கோளாறு அதே அளவுக்குச் சீராவதில்லை. நல்ல காலுள்ள குதிரைக்கு வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரத்துக்குக் குறையாமல், மூச்சு வாங்கும்படியான ஓட்டம் நல்லது. சும்மா உலாத்துவதைப் பயிற்சிக் கணக்கில் எழுதிக்கொள்வது மனிதர்களுக்கும் உள்ள பழக்கம்தான். சவாரி செய்ய ஆளில்லாத ஷெட்லாண்டை நீண்ட கடிவாளம் பிடித்துப் பின்னால் நடந்து ஓட்டலாம், சிறு வண்டியில் பூட்டலாம், கயிற்றோடு கூட்டிக்கொண்டு மலையேறலாம். லேமினைட்டிஸ் வந்த காலுக்கு மட்டும் இது எதுவும் கூடாது. மருத்துவரும் லாடக்காரரும் சரி சொன்னபின் மிருதுவான தரையில் மெதுவாகத் தொடங்கவேண்டும்.

மாத்திரை இல்லையா என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. நமக்குத் தெரிந்த மெட்ஃபார்மினைக் கொடுத்துப் பார்த்தார்கள், குதிரைக் குடல் அதைச் சரிவர உறிஞ்சுவதில்லை. எர்டுக்ளிஃப்ளோசின் என்ற மனிதருக்கான சர்க்கரை மருந்து சமீப ஆண்டுகளில் கடினமான நிலையில் உள்ள குதிரைகளுக்குக் கொடுக்கப்படுகிறது. இன்சுலின் இறங்குகிறது, சிலவற்றுக்கு ரத்தக் கொழுப்பு ஏறிவிடுகிறது. பத்தியத்தை விட்டுவிட இது அனுமதிச்சீட்டு ஆகாது.

மலிவான மருந்து குளிர்காலம். அதைத்தான் யாரும் பயன்படுத்த விடுவதில்லை. மயிர் கத்தரிக்காத, ஒதுங்க இடமுள்ள, ஆரோக்கியமான மட்டக்குதிரைக்குப் போர்வை தேவையில்லை. குளிரைச் சமாளிக்க உடம்பே கொழுப்பை எரிக்கும். போர்வையைப் போர்த்தி, வாளியை நிரப்பினால் அந்த வாய்ப்பு போய்விடும். வெளியில் வாழும் 96 குதிரைகளைப் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கவனித்து 2014-ல் வெளியிட்ட முடிவு இது: கோடையில் 35 சதவீதம் பருமன், குளிர்காலம் முடியும்போது 27 சதவீதம். இயற்கை மெலியவைக்க வேண்டிய பருவம் கழிந்தும் நான்கில் ஒன்றுக்கு மேல் கொழுத்தே இருந்தன. அடுத்த ஏப்ரல் புல்லை அவை இந்த மூட்டையோடுதான் சந்திக்கப் போகின்றன. மார்ச் கடைசியில் விலா லேசாகத் தெரிந்தால் தப்பில்லை. ஜனவரியில் பக்கத்து வீட்டார் பரிதாபப்பட்டுக் கேரட் கொண்டுவந்தால், கேரட்டை வாங்கிக் குழம்பில் போட்டுக்கொண்டு, கயிற்றை அவர் கையில் கொடுத்து ஒரு மைல் நடத்திக் கூட்டிவரச் சொல்லலாம்.